எம்டன் துரையின் முன்வண்டி

முன்வண்டி ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஜெர்மன் துரை ராஜரத்தினத்துக்கு முதல் நாள் சொன்னது அதுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொன்னதும் அதுதான். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். பின்னால் ஒரு ஆள் ஒட்டி நடந்து வந்தாலே நமக்கெல்லாம் கழுத்து அரிக்கத் தொடங்கிவிடும். ரயில் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிளின் வாலை உரசுகிற மாதிரி ஒருவர் சைக்கிள் மிதித்துக்கொண்டு வரும்போது, திரும்பாமல் இருந்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

ராஜரத்தினம் ரங்கூனில் ஒரு அரிசி மில்லுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். மோட்டார் என்று பெயர் சொன்னால் போதும், எதையும் ஓட்டுவான். அவனை இந்த வம்பில் இழுத்துவிட்டவர் பர்கத்துல்லா பாய். காயல்பட்டினத்துக்காரர், ரங்கூனின் லான்மடாப் பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். சைக்கிள் விற்க வேண்டுமானால் முதலில் சைக்கிள் மேல் ஆசையை விற்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காக இன்சீன் ரோட்டோரம் சும்மா கிடந்த பழைய செங்கல் சூளைப் பள்ளத்தைச் சுற்றி, ஓரங்கள் சுவர் மாதிரி சரிந்து ஏறும் சிமென்ட் வளையம் ஒன்றைக் கட்டினார். ஊரே சிரித்தது. பினாங்கிலிருந்து கப்பலில் இரண்டு பந்தய வீரர்களை வரவழைத்தார். ஒருவன் ஆஸ்திரேலியாக்காரன், வயசுப் பையன், கூடவே தன் முன்வண்டிக்காரனையும் கூட்டி வந்திருந்தான். இன்னொருவர் புரூனோ என்கிற ஜெர்மன்காரர். அவர் மோட்டார் சைக்கிளோடு வந்தாரே தவிர, அதை ஓட்ட ஆள் இல்லாமல் வந்தார். பெல்ஜியத்துக்காரன் ஒருவன் இருந்தானாம், பினாங்கில் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டானாம். என்ன சண்டை என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜெர்மன்காரர் என்றதும் நம் ஆட்களுக்கு வேறென்ன நினைவு வரும்? சென்னைப் பட்டணத்தில் குண்டு போட்ட கப்பல்தான். கடலைத் தாண்டி வந்தவர்களுக்கு அந்தக் கப்பலின் பெயர் மறக்குமா? துரைக்கு வந்த மறுநாளே 'எம்டன் துரை' என்று பெயர் விழுந்துவிட்டது. பர்மாக்காரர்கள் மரியாதையாக 'ஸாயா', அதாவது வாத்தியார், என்றார்கள். அவர் இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

வேலை இதுதான். மோட்டார் சைக்கிளின் பின்புறம் ஒரு இரும்புச் சட்டம், அதில் சுழலும் உருளை. ராஜரத்தினம் தொளதொளவென்ற தோல் கோட்டு போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நட்டுக்குத்தலாக உட்கார வேண்டும். எதிர்க்காற்று முழுவதையும் அவன் வாங்கிக்கொள்வான். அவன் முதுகு மறைவில், உருளையை ஒட்டி, துரை மிதித்து வருவார். காற்று இல்லாத அந்தச் சின்ன இடத்தில் மனுஷக் கால்கள் செய்யவே முடியாத வேகமெல்லாம் வரும். அவன் தலை திரும்பினால் தோள் சாயும், தோள் சாய்ந்தால் காற்று உள்ளே புகும், துரை ஆடிப்போவார். அவன் சட்டென்று வேகத்தைக் குறைத்தால் துரை உருளையில் மோதிச் சிதறுவார். ஆக, பின்னால் இருப்பவர் சொல்வதுதான் சட்டம். 'அலே' என்றால் இன்னும் வேகம். 'ஹோ' என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. இந்த இரண்டும் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே அவனுடைய தோல் தொப்பியின் காது ஓட்டைகள் பின்பக்கம் பார்த்துத் திறந்திருந்தன.

காலையில் பழகுவார்கள். பிறகு ரோட்டோரக் கடையில் தேநீர் குடிப்பார்கள். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் இரவல்தான் என்பதால் யாரும் யாரையும் பார்த்துக் கூச்சப்பட வேண்டியிருக்கவில்லை. துரையின் கதை அப்படித்தான் துண்டு துண்டாக ராஜரத்தினத்துக்கு வந்து சேர்ந்தது. அப்பா ரொட்டிக்கடைக்காரர். விடிவதற்குள் கல் பாவிய தெருக்களில் சைக்கிளில் ரொட்டி கொண்டுபோய்ப் போட்ட பிள்ளை, ஒருநாள் ஊருக்கு ஊர் ஓடுகிற பந்தயத்தில் பேர் கொடுத்தார். பகல் முழுக்க மழை. முன்னால் போனவர்கள் எல்லாம் சாராயக் கடை வாசலில் ஒதுங்கிவிட்டார்கள். நனைந்த ரொட்டியை வீடுகளில் வாங்க மாட்டார்கள் என்ற பழக்கத்தில் இவர் மட்டும் நிற்காமல் மிதித்து முதலாவதாக வந்துவிட்டார்.

அப்புறம் பெர்லின். பெரிய கொட்டகைக்குள் மரத்தடம் போட்டு, இரவும் பகலுமாக ஆறு நாள், இரண்டு பேர் மாறி மாறிச் சுற்ற வேண்டுமாம். நடுவில் ஜனங்கள் உட்கார்ந்து பாண்டு வாத்தியம் கேட்டுக்கொண்டு சாப்பிடுவார்களாம்.

"அதுக்கு எங்க ஊர் செக்குமாடு தேவலை, தொரை. ராத்திரியில அவுத்து விட்டுருவாங்க" என்றான் ராஜரத்தினம். துரைக்கு அதைப் புரியவைக்க வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிறகுதான் முன்வண்டிப் பந்தயம். அதில் அவர் ராஜாவாக இருந்தார். சிகரெட் அட்டைகளில் அவர் முகம் வந்தது. உலகச் சண்டை வந்தது, சைக்கிள் பட்டாளத்தில் போனார், திரும்பி வந்தபோது சேர்த்து வைத்த பணமெல்லாம் மதிப்புப் போய் வெறும் காகிதமாகியிருந்தது. தன் பாட்டில் மிதித்தார். இளசுகள் வந்தார்கள். பந்தயம் நடத்துகிறவர்கள் முதலில் அவரைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள், பிறகு கூப்பிடவே இல்லை. கப்பலேறிக் கிழக்கே வந்துவிட்டார். பேர் தெரியாத ஊர்களில் பழைய பேரைச் சொல்லி ஓடினார். இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. ராஜரத்தினத்துக்குத்தான் கேட்கக் கேட்க ஆறவில்லை. அந்த மனிதர் மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம் வந்துவிட்டது.

பழகி முடித்து இறங்கும்போது துரையின் உதடு நீலமாக இருக்கும். ராஜரத்தினம் அதைப் பார்த்தான். பார்த்து, வெள்ளைக்காரர்களுக்கு எது சரியான நிறம் என்று நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் காளி கோயிலுக்குப் போனபோது துரையும் கூட வந்து வாசலில் நின்றார். உள்ளே துறைமுகக் கூலிகள் இரண்டு பேருக்குள் வழக்கு. ஒருவன் தாயத்துச் சங்கிலியை மற்றவன் எடுத்துவிட்டான் என்று கூச்சல். பூசாரி தரையில் கற்பூரம் ஏற்றினார். குற்றம் சாட்டப்பட்டவன் "அம்மா சாட்சியா நான் எடுக்கலை" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தான். அவ்வளவுதான். சங்கிலி தொலைத்தவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். துரைக்கு நம்பவே முடியவில்லை. போலீஸ் இல்லையா, வக்கீல் இல்லையா என்று கேட்டார்.

"பொய்ச் சத்தியம் பண்ணுனா, பண்ணுன சத்தியத்த மீறுனா, வம்சம் வெளங்காது தொரை. யாரு துணிவா?" என்றான் ராஜரத்தினம், ஏதோ பெருமையாக.

அந்தப் பெருமைதான் வினையாயிற்று. பந்தயம் நெருங்கிய சமயம் துரை ஒரு காலை கையில் கற்பூரப் பொட்டலத்தோடு வந்து நின்றார். கோயிலுக்குப் போகலாம் வா என்றார். பந்தயத்தன்று முன்வண்டியை நீதான் ஓட்ட வேண்டும், என் வாயிலிருந்து 'ஹோ' வராமல் வேகத்தைக் குறைக்கக் கூடாது, இதைச் சத்தியம் பண்ணு. ராஜரத்தினத்துக்குச் சிரிப்பாக இருந்தது. முன்வண்டிக்காரனின் வழக்கமே அதுதானே. இருக்கிற சட்டத்துக்கு எதற்குச் சத்தியம்? ஆனாலும் ஒரு வெள்ளைக்காரர் நம் காளி முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாரே என்று அவனுக்கு உள்ளூரக் குளிர்ந்துபோயிற்று. ஒரு வாடகை வீடு பேசினால்கூட நாம் பத்து நிபந்தனை போடுவோம். இந்த மடையன் ராஜரத்தினம் அம்மன் முன்னால் ஒரு நிபந்தனையும் போடவில்லை. "தொரை வாயிலேர்ந்து 'ஹோ' வர்ற வரைக்கும் வண்டியக் கொறைக்க மாட்டேன்" என்று உரக்கச் சொல்லிக் கற்பூரத்தை அணைத்தான். உள்ளங்கை சுட்டது.

பந்தயத்துக்கு முந்தின நாள் பர்கத்துல்லா பாய் அவனைக் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். பாயின் முகம் சரியில்லை.

"தம்பி, தொரைக்கு நெஞ்சு கெட்டுப் போயிருக்காம். பினாங்குல டாக்டர் பார்த்துட்டு, இனிமே சைக்கிளத் தொடாதேன்னு சொல்லிட்டாராம். அந்த பெல்ஜியத்தான் பயந்துபோயி பந்தயத்துல அவரைக் கேக்காமலே வேகத்தக் கொறைச்சிருக்கான். தோத்துட்டாரு. அதான் சண்டை."

ராஜரத்தினத்துக்கு உள்ளங்கை மறுபடியும் சுட்டது. "இத ஏன் பாய் மொதல்லயே சொல்லல?"

"எனக்கே நேத்துத்தான் தெரியும். அந்த ஆஸ்திரேலியாப் பையன் சொன்னான்."

"அப்ப நிறுத்திருங்க."

"நிறுத்துறதுக்குத்தான் போனேன். தோள்ல தட்டிச் சிரிக்கிறாரு. நீ நிறுத்துனா அடுத்த கப்பல்ல கல்கத்தாவுக்குப் போயி ஓடுவேன்குறாரு. கையக் காலக் கட்டியா போட முடியும்? நீ நாளைக்கு மெல்லமா ஓட்டிரு தம்பி. தோத்தாத் தோக்கட்டும், உசிரு இருக்கட்டும்."

ராஜரத்தினம் சத்தியத்தைச் சொன்னான். பாய் வேறு மார்க்கத்துக்காரர், ஆனாலும் சத்தியம் என்றால் என்னவென்று தெரிந்தவர். தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவன் கோயிலுக்கு ஓடினான். பூசாரி, "சத்தியம் வாங்குனவரு வாயால 'விட்டேன்'னு சொல்லணும். வேற வழி கெடையாது" என்றார். அங்கிருந்து துரையின் விடுதிக்கு ஓடினான். துரை தரையில் உட்கார்ந்து சக்கர விளிம்புக்கு அரக்குப் பூசி டயரை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ரத்தின், நீ நல்லவன்" என்றார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "பெல்ஜியக்காரனும் நல்லவன். அதனால்தான் கற்பூரம்."

"தொரை, ஒங்க காலுல விழுறேன். விட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"நான் என்ன செய்யட்டும்? ரொட்டி சுட எனக்குத் தெரியாது. அப்பா சொல்லித் தரவில்லை. நான் சைக்கிளில் போய்விட்டேன்." அரக்குக் கையை வேட்டித் துணி மாதிரி இருந்த ஒரு துணியில் துடைத்துக்கொண்டார். "பயப்படாதே. முடியாவிட்டால் நான் 'ஹோ' சொல்வேன். சொல்ல எனக்கு வாய் இருக்கிறதே."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ராஜரத்தினம் வீட்டுக்கு வந்தான். வாய் இருக்கிறது, சொல்வார். வாய் இருக்கிறது, சொல்வார். அவன் மனைவி காளியம்மா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்கு நிறைமாதம். இதற்கு முன் பெற்ற இரண்டையும் தாய்ப்பால் மறக்குமுன்னே பறிகொடுத்தவள்.

"பாய் சொல்றது மாதிரி மெல்ல ஓட்டிறவா?" என்று அவன் கேட்டான்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அவரும் ஒருத்தி பெத்த பிள்ளைதான். ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யுங்க" என்றாள். சொல்லும்போதே அவள் கை தன்னையறியாமல் வயிற்றின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் சிமென்ட் வளையத்தைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. மில் கூலிகள், துறைமுகத்துக்காரர்கள், பட்டு லுங்கியும் தலையில் பூவுமாகப் பர்மியப் பெண்கள், நாற்காலியில் துரைமார்கள். சிரித்த ஊர் இப்போது பாய்க்குச் சலாம் போட்டது. பாய் யாரையும் பார்க்கவில்லை. ராஜரத்தினம் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான். துரை பின்னாலிருந்து அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். அதுதான் அவர்கள் கடைசியாகத் தொட்டுக்கொண்டது.

புறப்பட்ட கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் நன்றாகவே இருந்தது. 'அலே' என்று வந்தது, கொடுத்தான். மறுபடி 'அலே', மறுபடி கொடுத்தான். ஆஸ்திரேலியாக்காரனைச் சரிவின் உச்சியில் ஏறி முந்தியபோது ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். ராஜரத்தினத்துக்கே ஒரு கணம் எல்லாம் மறந்துபோய் உடம்பு சிலிர்த்தது. சிகரெட் அட்டையில் முகம் வந்த அந்த ராஜா இவர்தான் என்று அப்போதுதான் அவனுக்கு முழுசாகத் தெரிந்தது.

பிறகு 'அலே'க்களுக்கு நடுவில் வேறொரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. மூச்சு. இரைச்சலையும் மீறி அது தொப்பியின் ஓட்டை வழியாக வந்தது. 'ஹோ' சொல்லுங்க தொரை, என்று அவன் வாய்க்குள் முனகினான். ஆஸ்திரேலியாக்காரன் மறுபடி நெருங்கினான். பின்னாலிருந்து 'அலே' என்று வந்தது. பாதி வார்த்தைதான் வந்தது. ராஜரத்தினத்தின் வலது கை விசைப்பிடியில் இருந்தது. குறைக்கிற பக்கம் ஒரு நூல் அளவு திருப்பினால் போதும், யாருக்கும் தெரியாது, துரைக்குக்கூடத் தெரியாது. அந்தக் கையைப் பார்த்தால் அவனுக்குக் காளியம்மாவின் கை தெரிந்தது. சொல்லுங்க தொரை, ஒங்களுக்கு வாய் இருக்கே, சொல்லுங்க. அம்மா, தாயே, அவரைச் சொல்லச் சொல்லு. கண்ணீர் காற்றில் காதுப்பக்கம் ஓடியது. அந்தப் பக்கம் கை திரும்பவில்லை. இன்னும் வேகம் கொடுத்தான்.

கீழ்த் திருப்பத்தில் மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

ஜனங்கள் பெரிதாகச் சத்தம் போட்டார்கள். உற்சாகமா, அலறலா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். துரை பின்னால்தான் வருகிறார், மூச்சு சீராகிவிட்டது, அதனால்தான் கேட்கவில்லை என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் திரும்பவில்லை. ஆனால் அது வளையம் ஆயிற்றே. திரும்பாமல் போகிறவனையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. கீழ்த் திருப்பத்தில் சைக்கிள் ஒரு பக்கம் கிடந்தது. உள்புறப் புல்லில், ஒரு கை மடங்கி, துரை குப்புறக் கிடந்தார். நாலு பேர் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

அவன் நிறுத்தவில்லை. நிறுத்தவில்லை என்று சொல்வது தப்பு, அவனால் நிறுத்த முடியவில்லை. 'ஹோ' வரவில்லையே. அதே வேகத்தில் அவரைத் தாண்டிப் போனான். அடுத்த சுற்றில் அங்கே கூட்டம் கூடியிருந்தது, யாரோ அவரை மல்லாத்தியிருந்தார்கள், டாக்டர் ஒருவர் மண்டியிட்டிருந்தார். ஆஸ்திரேலியாக்காரன் சைக்கிளைப் போட்டுவிட்டு அங்கே நின்றான். ராஜரத்தினம் மறுபடியும் தாண்டிப் போனான். இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஜனங்கள் நினைத்தார்கள். பாய் தொப்பி விழுந்தது தெரியாமல் தடத்துக்குள் ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து ஏதோ கத்தினார். அவரையும் சுற்றிக்கொண்டு போனான். அவன் முதுகு நிமிர்ந்தே இருந்தது. யாருமில்லாத இடத்துக்கு அவன் காற்றை மறைத்துக்கொண்டு சுற்றினான்.

அடுத்த தடவை வந்தபோது துரையின் முகத்தில் துணி போட்டிருந்தார்கள்.

"ஹோ" என்றான் ராஜரத்தினம். அவன் வாயால்தான் சொன்னான், துரை சொல்கிற மாதிரியே நீட்டிச் சொன்னான். சொல்லிவிட்டு, பின்னால் ஒருவர் இருந்தால் எப்படிக் குறைப்பானோ அப்படி, மோதிவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான்.

தரையில் விழுவதற்கு முன்பே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மெல்ல ஓட்டியிருந்தால் இருந்திருப்பாரா என்று பாய் கேட்டார். அது யாருக்குத் தெரியும் என்றார் டாக்டர். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வது?

அவன் வீட்டுக்கு வந்தபோது செய்தி அவனுக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்திருந்தது. காளியம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். அழுத முகம். ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை வயிற்றில் இருந்தது. துரை செத்துப்போனதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்க நினைத்ததைக் கேட்க அவளுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டாள்.

"நீங்க வண்டிய நிறுத்துறதுக்கு முந்தி... தொரை 'ஹோ' சொன்னாரா?"

ராஜரத்தினம் அவள் கையைப் பார்த்தான்.

"சொன்னாரு" என்றான். "எனக்கு நல்லாக் கேட்டுச்சு."